வடசென்னையில் டீக்கடை போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ராயபுரம் பக்கம் ஒரே தெருமுனையில் அடுத்தடுத்து இரண்டு டீக்கடைகள் திறந்து மூடிவிட்டன. டைல்ஸ், லைட், போர்டு எல்லாம் பளிச்சென்று இருந்தன. டீயும் மோசமில்லை. உட்கார பெஞ்ச் மட்டும் கிடையாது. "பெஞ்ச் போட்டா ஒரு டீயைக் குடிச்சிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துடுவாங்க சார்" என்றார் ஒரு கடைக்காரர்.

என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான். காலை ஆறு மணிக்கு கொத்தனாரும் பெயின்டரும் டீக்கடை பெஞ்சில்தான் மேஸ்திரிக்காகக் காத்திருப்பார்கள். அன்றைக்கு யாருக்கு எங்கே வேலை என்பது அங்கேதான் முடிவாகும். ஒற்றை அறை வீட்டுக்கு விருந்தாளி வந்தால், உள்ளே பெண்கள் பேசட்டும் என்று ஆண்கள் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் இன்னொரு டீ சொல்லுவார், வடை எடுப்பார், நாளைக்கும் வருவார். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று குடிக்கும் மீன்கார அக்காக்களுக்கும் நிழலில் ஒரு இடம் ஒதுக்குங்கள். பல கடைகளில் அவர்கள் நினைவே யாருக்கும் வருவதில்லை.

அடுத்து டீ. தூள் டீ சில நிமிடங்களிலேயே நிறத்தையும் மணத்தையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் கொதிக்க விட்டால் இறங்குவது துவர்ப்புதான். வடிகட்டியில் பழைய சக்கை மேலேயே புதுத்தூளைக் கொட்டுவது, காலையில் போட்ட டிக்காஷனை மதியம் வரை சூடு பண்ணிக்கொண்டே இருப்பது இரண்டும் வேண்டாம். கொஞ்சமாகப் போடுங்கள், அடிக்கடி போடுங்கள். விலை குறைவு என்று பெயரில்லாத தூளை வாங்குவதற்கு முன், அதில் ஒரு சிட்டிகையை வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) பரப்பித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவிய பிறகும் அதில் சாயத் திட்டு நின்றால் அந்தத் தூள் வேண்டாம்.

வடையை நியூஸ் பேப்பரில் வைத்து அமுக்கித் தருவது நமக்கெல்லாம் பழகிய காட்சி. எண்ணெய் பட்டதும் அச்சு மை வடையில் ஏறும். வாழை இலைத் துண்டு போதும். எண்ணெய் கருத்து, நுரைத்து, புகைய ஆரம்பித்தால் அன்றோடு அதை விட்டுவிட வேண்டும். புது எண்ணெயைச் சேர்த்துச் சரிக்கட்டக் கூடாது. பார்சல் டீயை பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதும் இன்னும் ஓயவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதே தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. தூக்கோ பிளாஸ்க்கோ கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் குடிப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ் கொடுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்காமல் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் மாட்டாதீர்கள். கடைக்கு உரியது 19 கிலோ சிலிண்டர். சோதனையில் பிடிபட்டால் மிச்சம் பிடித்த காசைவிட அதிகமாகப் போய்விடும்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் கடை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காலத்தை. விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். ஐஸ் உடைப்பவரும் வண்டி இழுப்பவரும் டீ கேட்கும் நேரம் அது. ஆறு மணிக்குக் கடை திறந்தால் பாதி வியாபாரம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மாசி மாதக் கூட்டத்தைப் பார்த்து வாடகை பேசி அட்வான்ஸ் கொடுத்தவர் சித்திரையில் திண்டாடுவார். மற்ற பத்து மாத வருமானத்திலிருந்தே இந்த இரண்டு மாத வாடகையை எடுத்து வைக்க வேண்டும். பாலும் குறைவாக வாங்க வேண்டும்.

அந்த நாட்களில் கணக்கு நோட்டு கனக்கும். படகில் போகிறவர், வலை பின்னுகிறவர், ஏலக்கூடத்தில் கூலி வேலை செய்கிறவர் எல்லோரும் "எழுதி வைங்கண்ணே" என்பார்கள். பயந்துபோய் "கடன் கிடையாது" என்று அட்டை மாட்டிவிடாதீர்கள். ஒரு ஆளுக்கு நாளைக்கு இத்தனை டீ என்று அளவு வைத்து, அவர் கண்ணெதிரே எழுதிக் கொடுங்கள். தடை முடிந்து படகு திரும்பிய வாரம், ஏலக்காசு கைக்கு வந்ததும் நோட்டைக் கேட்டு வருகிறவர்களை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். அட்டை மாட்டிய கடைக்கு அவர்கள் அதன்பிறகு போவதில்லை.