தாத்தா கூட்டிப்போன பையன்

சிங்கப்பூரில் புதிதாகத் துணைப்பாட (டியூஷன்) நிலையம் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் தன் அவசரகாலத் திட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வழவழப்பான கோப்பு, வண்ண வரைபடம். வேலைக்கு வந்த புதிதில் நான் எழுதியதைப் போலவே இருந்தது, ஓட்டைகள் உட்பட. மின்தூக்கியில் ஏறாதே, படிக்கட்டில் பெட்டி அடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நம்மது சின்ன இடம்தானே"

10 பேருக்குப் பாடம் சொன்னாலே கல்விச் சட்டத்தின் கண்ணில் அது பள்ளி. 200 பேருக்குமேல் கொள்ளும் பொதுக் கட்டடமென்றால் தீப் பாதுகாப்புச் சட்டம் ஆண்டுதோறும் சான்றிதழ் கேட்கும். அதற்குக் கீழே இருப்பதால் நிம்மதி என்பவர்கள் 2025 ஏப்ரல் 8ஐ நினைத்துப் பார்க்கட்டும். ரிவர் வேலி சாலையில் ஒரு கடைவீட்டில் தீ. மாடிச் சன்னலில் புகைக்கு நடுவே பிள்ளைகள். பக்கத்தில் வேலை பார்த்த ஊழியர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு, சாரத்தில் ஏறி இறக்கினார்கள். 10 வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை.

தலைக்கணக்கு

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

மாணவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நான் நடத்திய முதல் வெளியேற்றப் பயிற்சி. பதிவேட்டில் 46 பேர். கீழே எண்ணினால் 45. மறுபடி எண்ணினோம், அதே 45. நானும் ஓர் ஆசிரியையும் மூன்று மாடி ஏறி, கழிப்பறைக் கதவு ஒவ்வொன்றாகத் தட்டினோம். கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டால், "அவனைத் தாத்தா மூணே காலுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரே, சொல்லலையா?"

சொல்லியிருக்கிறார். என்னிடம்தான். தலையாட்டிவிட்டு எழுத மறந்தவன் நான்.

நிஜத் தீயாக இருந்தால் என் பேச்சை நம்பி, அங்கே இல்லாத பையனைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் போயிருப்பார்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: தாமதமாக வந்த பிள்ளையைப் பதியாமல் விட்டால் கணக்கு அழகாகச் சரிவரும், பிள்ளை உள்ளேயே இருக்கும்.

தம்பியின் திட்டத்தில் "வருகைப் பதிவு: அலுவலகக் கணினி" என்றிருந்தது. மணி அடித்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டா ஓடுவீர்கள்? வாசலில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். வந்த நேரம், போன நேரம், கூட்டிப்போனவர் யார். அதை எடுத்துவர ஒருவர். அவர் விடுப்பென்றால் இன்னொருவர். இரண்டு பெயரும் சுவரில் இருக்கட்டும்.

எப்போதும் வெள்ளி காலை பத்து மணிக்கே பயிற்சி

மழை நாளில் ஒருமுறை செய்யுங்கள். திறந்த திடலில் மின்னலுக்கு நடுவே நிற்க முடியாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

தீ மட்டும்தானா?

2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. அறிவிப்பு வந்தது முந்தின நாள் மாலை. பெற்றோர் எண்கள் உங்கள் கைப்பேசியில் இருக்கின்றனவா?

கோப்பு

பூட்டிய அலமாரியில் வேண்டாம்.