ஏப்ரல் சம்பளத்தில் பஞ்சப்படியைப் பாருங்கள்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள் ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டை மடித்து வைக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலியில் அடிப்படைச் சம்பளமும், விலைவாசி உயர்வுக்காகத் தரும் பஞ்சப்படியும் (அகவிலைப்படி) தனித்தனி. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நுகர்வோர் விலைக் குறியீட்டின் சராசரியை வைத்து, தமிழ்நாட்டில் ஏப்ரல் 1 தோறும் பஞ்சப்படி மாற்றியமைக்கப்படுகிறது. அடிப்படை மாறத் தனி அரசாணை வர வேண்டும்; அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே விலைவாசிக்கு ஈடாக ஆண்டுதோறும் கைக்கு வருவது பஞ்சப்படி மட்டும்தான்.

“உங்களுக்குக் கிலோக் கணக்குக் கூலிதானே” என்று ஆலைக்காரர்கள் மழுப்புவார்கள். தோல் உரிக்கும் வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. வருங்கால வைப்பு நிதியிலும் பஞ்சப்படி சேர்கிறதா என்று கவனியுங்கள். ஏப்ரலிலும் பழைய பஞ்சப்படியே தொடர்ந்தால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.