கல்யாண மண்டபத்துக்குள் பறக்கும் 66 கிராம் ஃபோம் விமானம்: செய்வதும் ஓட்டுவதும்

கூரைக்குக் கீழே பறக்கும் ரிமோட் விமானத்தை வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். பறக்கவிடப்போகும் இடத்தின் அகலத்திலிருந்து தொடங்குங்கள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் நமக்கு வாய்க்கும் இடங்கள் இறகுப்பந்து அரங்கம், பள்ளிக் கலையரங்கம், கல்யாண மண்டபம் ஆகிய மூன்றுதான். இறகுப்பந்து ஆடுகளத்தின் அகலம் 6.1 மீட்டர். ஓரங்களையும் சேர்த்தால் ஒற்றை ஆடுகள அரங்கம் ஏறத்தாழ 10 மீட்டர் வரும். சுவரிலிருந்து இரு பக்கமும் 2 மீட்டர் விட்டுவிட்டால் மிச்சம் 6 மீட்டர். இந்த 6 மீட்டருக்குள் விமானம் முழு வட்டம் அடிக்க வேண்டும். மற்ற எல்லா அளவுகளும் இதிலிருந்து வருகின்றன.

விமானம் 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது வட்டத்தின் அளவை வேகம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு மெதுவாகப் பறக்கலாம் என்பதை எடையும் இறக்கைப் பரப்பும் தீர்மானிக்கின்றன. 10 செ.மீ. x 10 செ.மீ. இறக்கைக்கு 5 கிராம் எடை என்றால், விமானம் விழாமல் பறக்கும் குறைந்தபட்ச வேகம் நொடிக்குச் சுமார் 3.1 மீட்டர். பாதுகாப்புக்காக அதைவிட 30 சதவீதம் கூடுதலாக ஓட்டினால் நொடிக்கு 4 மீட்டர். அப்போது வட்டத்தின் விட்டம் 6 மீட்டர். எடை இரட்டித்து 10 கிராமானால் வட்டமும் இரட்டித்து 12 மீட்டராகும். அகலமான மண்டபத்தில்கூட அந்த விமானம் சுவரைத் தேடிப் போகும். ஆகவே நம் இலக்கு அதே 10 x 10 செ.மீ. பரப்புக்கு 5 கிராம், கொஞ்சம் கூடினால் 5.5. அதைத் தாண்டவே கூடாது.

எடைக் கணக்கு

இந்த வடிவமைப்பில் இறக்கை 700 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம், நீள்சதுரம். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் கிடைவால் மடிப்பு), ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் செங்குத்து வால் மடிப்பு), த்ராட்டில் (மோட்டார் வேகம்) மட்டும், எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பு) கிடையாது. வெட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு பொருளையும் 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி வர வேண்டும்:

ஃபோம் பாகங்கள் எல்லாம் சேர்த்து – 21 கிராம்
கார்பன் குச்சிகள் – 3.5
பசை, டேப் – 3
மோட்டார், புரொப்பெல்லர் – 11
இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை) – 4
ரிசீவர் – 2
சர்வோ (வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) இரண்டு – 7.5
2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 180 மில்லியாம்ப்-அவர் – 12.5
தள்ளுகுச்சி (சர்வோவின் அசைவை வாலுக்குக் கொண்டுபோவது), ஹார்ன் (அதை மடிப்பில் மாட்டும் சிறு கொம்பு) – 1.5

மொத்தம் 66. பெரும்பாலும் இந்தக் கணக்கு உடைவது சர்வோவில்தான். எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே என்று நீல நிற 9 கிராம் சர்வோவை இரண்டு போட்டால் அந்த இடத்தில் மட்டும் 10 கிராமுக்கு மேல் ஏறிவிடும். 3.7 கிராம் சர்வோ, அல்லது அதைவிடச் சிறியது, காத்திருந்து வாங்கத் தகுந்த பொருள்.

மோட்டாரில் இன்னொரு குழி உண்டு. ரேஸிங் டிரோன் மோட்டார்கள் சிறியவை, மலிவானவை, கைக்கு எட்டுபவை. ஆனால் அவை சின்ன புரொப்பெல்லரை அதிவேகமாகச் சுழற்றுவதற்கானவை. நமக்கு வேண்டியது பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றுவது. 8 முதல் 10 கிராம் எடையும் 1800–2200 கே.வி.யும் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரோடு 6 x 3 அங்குலப் புரொப்பெல்லர் சரியாக இருக்கும். 4000 கே.வி. மோட்டாரில் இதே புரொப்பெல்லரை மாட்டினால் மோட்டாரும் இ.எஸ்.சி.யும் சூடேறிக் கருகும்.

ஃபோம், பசை, குச்சி

முதல் தேர்வு 3 மி.மீ. டெப்ரான் என்ற மெல்லிய ஃபோம் தகடு. 10 x 10 செ.மீ. துண்டு 1.1 கிராம் வரும். உள்ளூரில் எளிதில் கிடைக்காது; இணையத்தில்தான் வாங்க வேண்டும். முன்பு தெர்மாகோல் சாப்பாட்டுத் தட்டுகளிலிருந்து வால் பாகங்களை வெட்ட முடிந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தடை இருப்பதால் அந்த வழியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கொலு அலங்காரத்துக்கு விற்கும் தெர்மாகோல் பலகையைச் சூடான நைக்ரோம் கம்பியால் 4 மி.மீ. தடிமனாகச் சீவினால் டெப்ரானில் ஏறத்தாழ பாதி எடைதான் வரும். ஆனால் உதிரும், எளிதில் முறியும். இறக்கையின் முன்விளிம்புக்கு மெல்லிய டேப் கட்டாயம். அங்கும் அளவு பாருங்கள்: பார்சல் ஒட்டும் 48 மி.மீ. பழுப்பு டேப் ஒரு மீட்டரே 2 கிராம் இருக்கும். அதை நீளவாக்கில் நான்காகக் கிழித்து ஒட்டுங்கள். சன்போர்டு வேண்டவே வேண்டாம்; எடை பல மடங்கு.

பசையில்தான் புதியவர்களின் முதல் விமானம் போய்ச் சேர்கிறது. சாதாரண ஃபெவிக்விக்கும் மஞ்சள் நிற ரப்பர் பசையும் டெப்ரானையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும். ஃபோமுக்கென்றே தயாரிக்கும் ‘ஃபோம் சேஃப்’ சி.ஏ. (ஃபெவிக்விக் வகைப் பசை) அல்லது யு.எச்.யு. போர் வாங்குங்கள். வெள்ளை ஃபெவிகால் கரைக்காது. ஆனால் இரு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே காற்றுப் புகாததால் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மோட்டார் பிடிமானத்துக்கு மட்டும் இரண்டு டியூப் எபாக்சி, ஒரு பட்டாணி அளவு. எந்தப் பசையானாலும் முதலில் கழிவுத் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

1 மி.மீ. கார்பன் குச்சி மீட்டருக்குச் சுமார் 1.2 கிராம், 1.5 மி.மீ. குச்சி 2.7 கிராம். கார்பன் கிடைக்கும் வரை பட்டம் கட்டும் மூங்கிலைச் சன்னமாகச் சீவிப் பயன்படுத்தலாம். கணு வராத பகுதியாகப் பாருங்கள்.

வெட்டி ஒட்டும் வரிசை

எல்லாப் பாகத்துக்கும் முதலில் காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். உடல் ஒற்றைத் தகடு: 570 மி.மீ. நீளம், சராசரி 45 மி.மீ. உயரம். மூக்கிலிருந்து 100 மி.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு. கிடைவால் 260 x 100. அதில் பின்பக்கம் 35 மி.மீ. எலிவேட்டர். செங்குத்து வால் ரட்டரோடு சேர்த்து 120 x 100. புது பிளேடால் வெட்டுங்கள். பாதி விமானத்துக்குள் முனை மழுங்கிவிடும். மழுங்கிய முனை ஃபோமைக் கிழிக்கும். அதனால் முனையை அவ்வப்போது உடைத்துக்கொண்டே போங்கள்.

இறக்கையைத் தட்டையாக விட்டாலும் பறக்கும், ஆனால் வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். மெதுவாகப் பறக்க வளைவு வேண்டும். முன்விளிம்பிலிருந்து 60 மி.மீ.-ல் 9 மி.மீ. உயரும்படி ஃபோமில் ஐந்து விலா வெட்டிக்கொள்ளுங்கள். டெப்ரானை 110 மி.மீ. பி.வி.சி. குழாய்மேல் வைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டி வளையுங்கள். தகட்டுக்கு நார்த்திசை உண்டு. ஒரு பக்கம் இசைந்து வளையும், மறுபக்கம் மடக்கென்று ஒடியும். வெட்டும் முன்பே துண்டு ஒன்றில் அந்தத் திசையைக் கண்டுபிடித்து, வளையும் திசை இறக்கையின் அகலத்தோடு வருமாறு வரையுங்கள். பிறகு விலாக்களை அடியில் ஒட்டுங்கள்.

இறக்கையை நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் 350 மி.மீ. நீள 1.5 மி.மீ. குச்சியை அந்த 60 மி.மீ. கோட்டில் அடிப்பக்கம் ஒட்டுங்கள். ஒட்டும்போது இறக்கை சமதளத்தில் இருக்க வேண்டும். இங்கே வரும் முறுக்குதான் பின்னால் எந்த ட்ரிம்மாலும் (ரிமோட்டில் செய்யும் நுண்திருத்தம்) தீராத ‘ஒரு பக்கமே இழுக்குது’ என்ற புகாராக வெளிப்படும். காய்ந்தபின் இரு பாதியையும் ‘வி’ வடிவில் சேருங்கள். ஒவ்வொரு நுனியும் நடுவைவிட 55 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். எய்லரான் இல்லாத விமானத்தில் ரட்டர் மூக்கைத் திருப்ப, இந்த உயர்வுதான் இறக்கையைச் சாய்க்கிறது. அழகு கருதிக் குறைத்தால் விமானம் திரும்பாது, பக்கவாட்டில் சறுக்கும்.

உடலில் பொருத்தும்போது இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 7–8 மி.மீ. மேலே இருக்கட்டும். கிடைவால் உடலின் நேர்கோட்டுக்கு இணையாக. மோட்டார் 3 டிகிரி கீழ்நோக்கியும் 2 டிகிரி வலப்பக்கமும். கீழ்நோக்கு இல்லையென்றால் த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் மூக்கு கூரையை நோக்கும்.

ஒற்றைத் தகட்டு உடல் முறுக்கிக்கொள்ளும். ரட்டர் ஒருபக்கம் தள்ள, வால் மறுபக்கம் திருகி அந்த வேலையைக் கெடுக்கும். இறக்கையின் அடியிலிருந்து வால்வரை இரு பக்கமும் 1 மி.மீ. குச்சியைச் சாய்வாக ஓட்டி முக்கோணமாகக் கட்டுங்கள். இதற்குச் செலவாகும் 1.3 கிராம் வீணல்ல.

கீல்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் தெளிவான சர்ஜிகல் டேப் போதும், சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை. இரு விளிம்புகளையும் 45 டிகிரி சரித்து, மேற்பக்கம் ஒட்டுங்கள். தள்ளுகுச்சி வளையாமல் இருக்க 80 மி.மீ.-க்கு ஒரு காகிதக் குழல் ஆதாரம் கொடுங்கள். அசைவு: எலிவேட்டர் இருபுறமும் 12 மி.மீ., ரட்டர் 25 மி.மீ., இரண்டிலும் 30 சதவீத எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் ரிமோட் அமைப்பு).

ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமைக் கரைக்கும், எடையும் ஏற்றும். மார்க்கரே போதும். ஆனால் இறக்கையின் அடியில் கறுப்புப் பட்டைகள் போடத் தவறாதீர்கள். மண்டப வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்தில் வெள்ளை விமானத்தின் மேலும் கீழும் ஒன்றாகவே தெரியும்.

எடை மையம்

பேட்டரியோடு சேர்த்து, இறக்கையின் அடியில் முன்விளிம்பிலிருந்து 54 மி.மீ.-ல் இரு விரலால் தாங்குங்கள். சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஈயம் சேர்க்காதீர்கள், பேட்டரியை நகர்த்துங்கள். அதனால் பேட்டரிக்கு வெல்க்ரோவை கடைசியாகத்தான் ஒட்ட வேண்டும். பழகியபின் 60 மி.மீ. வரை பின்னால் கொண்டுபோகலாம். மெதுவேகத்தில் எலிவேட்டர் இன்னும் நன்றாகப் பேசும்.

இடமும் நேரமும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 66 கிராம் விமானத்துக்கு அந்த மாதம் திறந்தவெளியில் வேலையே இல்லை. நல்ல காலம், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாக இருக்கும். பொறுப்பாளரிடம் பேசினால் காலை இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் கேட்டுப்பார்க்கலாம். நடுவில் தூண் இல்லாத கூடமாகப் பாருங்கள். தொங்கும் சரவிளக்கு எங்கே என்பதைப் பறக்கவிடும் முன்பே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறி, ஏ.சி., எக்ஸாஸ்ட் எல்லாமே அணைந்திருக்க வேண்டும். நொடிக்கு 4 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு நொடிக்கு 1 மீட்டர் காற்று என்பது வேகத்தில் கால் பங்கு. விசிறியில்லாமல் வேலூரில் மனிதர் நிற்கக்கூடிய நேரம் காலை 6 முதல் 8.30 வரைதான். கத்திரியில் இன்னொன்றும் உண்டு: 42 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. வட்டமும் அதே அளவு பெரிதாகும், புரொப்பெல்லரின் இழுவையும் குறையும். குறுகிய அரங்கத்தில் அது தெரியும்.

முதல் பறப்பு

முதலில் மோட்டார் இல்லாமல் சறுக்கவிட்டுப் பாருங்கள். ஜமுக்காளமோ மெத்தையோ விரித்து, தோள் உயரத்தில் பிடித்து, மூக்கு மட்டமாக இருக்க, ஓடும் வேகத்தில் முன்னால் விடுங்கள், எறிய வேண்டாம். 6–7 மீட்டர் சீராக இறங்கினால் சரி. மூக்கு தூக்கி, நின்று, விழுந்தால் பேட்டரி 5 மி.மீ. முன்னால். நேரே குத்தினால் பேட்டரியைத் தொடாமல் எலிவேட்டரைச் சற்று மேலே. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து பார்த்து இறக்கை முறுக்கை எடுங்கள். ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்தால் நிற்கும்.

பிறகு த்ராட்டில் 60 சதவீதம் வைத்து விடுங்கள். சுவரோரம் நில்லுங்கள், விமானம் எப்போதும் உங்கள் முன்னால் இருக்கட்டும். முதல் பேட்டரி முழுக்க ஒரே திசையில் முட்டைவட்டம் மட்டும். திருப்பம் தொடங்கும்போது எலிவேட்டரைச் சற்று மேலே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் அரை மீட்டர் இறங்கும். சுவர் அருகே வந்தபின் ரட்டரைப் போட்டால் தாமதம். வட்டத்தின் ஆரம் 3 மீட்டர். சுவருக்கு 5 மீட்டர் இருக்கும்போதே தொடங்க வேண்டும். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

மோதப்போகிறது என்று தெரிந்த நொடியில் த்ராட்டிலைப் பூஜ்யமாக்குங்கள். சுழலாத புரொப்பெல்லரோடு மோதினால் மூக்கு நசுங்கும், அவ்வளவுதான். சுழன்றுகொண்டே மோதினால் மோட்டார் தண்டு வளையும், இ.எஸ்.சி. புகையும். ஆள் மேல் பட்டால் காயம். குழந்தைகளை மேடைக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

டைமர் 6 நிமிடம். இறக்கியதும் செல்லுக்கு 3.6 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அடுத்த முறை 5 நிமிடம். 180 மில்லியாம்ப்-அவர் பேட்டரியை 0.18 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். வெயிலில் நிறுத்திய பைக்கின் சீட்டுக்கு அடியிலோ மூடிய காரிலோ லைப்போவையும் விமானத்தையும் விடாதீர்கள். செல் உப்பிப்போகும், இறக்கை தானாக முறுக்கும்.

முறிந்த ஃபோமை அங்கேயே சேர்க்கலாம்: முறிந்த முகங்களை அப்படியே பொருத்தி ஒரு கோடு பசை, வெளியே மெல்லிய டேப். ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் தராசில் ஏற்றுங்கள். ஒட்டு மேல் ஒட்டாக 69 கிராமைத் தாண்டினால், அட்டை மாதிரியை எடுத்துப் புது இறக்கை வெட்டுங்கள். ஃபோம் செலவு 14 கிராம்தான், வேலை ஒரு மாலைப்பொழுது.