பல்கலைக்கழக இணையவாசலின் சர்வர்களை மாற்றப் போகிறீர்களா?

முதலில் நாளைக் குறியுங்கள். சிங்கப்பூரில் பெரும்பாலான பல்கலைக்கழகப் பருவங்கள் ஆகஸ்ட்டிலும் ஜனவரியிலும் தொடங்கும், பாடப்பதிவு நேரத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள், அதனால் டிசம்பர் விடுமுறையின் நடுப்பகுதிதான் நல்லது; தீபாவளிக்கு லீவு கிடைக்கிறதே என்று அப்போது கை வைக்காதீர்கள், தேர்வு நெருங்கியிருக்கும்.

பெரிய சர்வர் ஒன்றை வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நடுத்தரமான இரண்டை வைத்து, முன்னால் லோட் பேலன்சர் (வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்புவது) போடுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். ஆனால் லாகின் செஷன், அதாவது யார் உள்ளே இருக்கிறார் என்ற பதிவு, அந்தந்த சர்வரின் நினைவகத்திலேயே இருந்தால், பாதிப் படிவம் நிரப்பிய மாணவர் மற்ற சர்வருக்கு மாறியதும் வெளியே தள்ளப்படுவார், பாவம். அதை ரெடிஸ் (வேகமான தரவுச் சேமிப்பு மென்பொருள்) போன்ற, இரண்டு சர்வரும் பார்க்கும் பொது இடத்துக்கு மாற்றிவிடுங்கள். டேட்டாபேஸுக்கும் ஒரு ரெப்ளிகா (கூடவே புதுப்பிக்கப்படும் நகல்) வேண்டும்.

அப்புறம், பேக்கப் இருக்கிறது என்பது மட்டும் போதாது. வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, ஒரு மாணவரின் மதிப்பெண் பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மாற்றுவதற்கு 2 நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (தளத்தின் முகவரியை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை) 300 வினாடிக்குக் குறைத்து வையுங்கள், தப்பாகப் போனால் சீக்கிரம் திரும்பிவிடலாம். பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள்; அதுவும் புதிய டேட்டாபேஸையே பார்க்கும்படி செய்து, முதல் பாடப்பதிவு முடியும்வரை ஓடவிடுங்கள்.