பார்க்கின்சன் நோயும் மூளை ஸ்கேனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்து வீடு ஒன்றை எண்ணிக்கொள்வோம். அப்புச்சி வாய்க்கால் மேட்டில் நடக்கும்போது வலக்கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறது. சட்டைப் பொத்தான் போட முன்னைவிட நெடுநேரம் ஆகிறது. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடுகின்றன. பேரன் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. எடுக்கிறான். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்க அப்புச்சி, வயசாச்சுல்லீங்க" என்று சொல்லி, படங்களை உறையோடு பீரோவுக்குள் வைத்துவிடுகிறான்.

ஆகப் பெரிய தவறு இதுதான். பார்க்கின்சன் நோயில் நடுமூளையில், அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டுமே தவிர, இந்த அழிவைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே நோய் உள்ளவரின் படமும் இயல்பாகவே இருக்கும். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எந்தக் கருவியும் இல்லாமல் நோயாளிகளைக் கவனித்தே இந்நோயை விவரித்தார். இன்றும் நரம்பியல் மருத்துவர் முதலில் தேடுவது அசைவின் மந்தத்தைத்தான். அதனோடு ஓய்வுநிலை நடுக்கமோ தசை இறுக்கமோ சேர்ந்திருக்க வேண்டும். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்கலாம். வழுக்கி விழுந்தபின் மண்டைக்குள் தேங்கிய இரத்தம், மூளைக்குள் நீர் கோத்தல், கட்டி, சிறுசிறு பக்கவாதங்கள் போன்றவை நடையைத் தளர்த்தி, பார்க்கின்சன் போலத் தோற்றம் காட்டக்கூடும். அவற்றைக் கண்டுபிடிக்கவோ விலக்கவோ அது உதவுகிறது.

அடுத்த தவறு, டாட் ஸ்கேனை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. மூளையின் ஆழத்தில் டோபமின் நரம்பு முனைகள் எவ்வளவு மிஞ்சியுள்ளன என்பதைக் காட்டும் இந்தப் படத்தில், இயல்பான மூளையில் இருபுறமும் காற்புள்ளி போன்ற வடிவம் ஒளிரும். முனைகள் குறைந்தால் வால் தேய்ந்து முற்றுப்புள்ளிபோல் ஆகிவிடும். காப்பி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை ஆடும் குடும்பவழி நடுக்கத்தையும் பார்க்கின்சனையும் பிரித்தறிய முடியாமல் மருத்துவர் தயங்கும்போது இது நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் பார்வையின் மேல்கீழ் அசைவைப் பாதிக்கும் பி.எஸ்.பி., இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் குலைக்கும் எம்.எஸ்.ஏ. ஆகிய நோய்களிலும் அதே முற்றுப்புள்ளிதான் தெரியும். குறைபாடு உண்டு என்று சொல்லும் படம், எந்த நோயால் என்று சொல்வதில்லை.

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது மாத்திரைப் பை. வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரப்படும் சில கூட்டு மாத்திரைகளில் லெவோசல்பிரைட் இருக்கிறது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்குச் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனாரிசின். இவையும் சில மனநல மருந்துகளும் டோபமினின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சனை அப்படியே ஒத்த மந்தத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். நரம்பு முனைகள் அழியாததால் டாட் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே வரும். 'கேஸ் மாத்திரைதானே' என்று மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கியதை வீட்டில் ஒருவரும் மருத்துவரிடம் சொல்லாமலிருந்தால், செலவு மிகுந்த படத்துக்குப் பிறகும் குழப்பமே மிஞ்சும். மருத்துவர் சொல்லி மாத்திரையை நிறுத்தியபின் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிலைமை சீரடைகிறது. சிலருக்கு உள்ளே மறைந்திருந்த நோய் அப்போதுதான் வெளிப்படுகிறது. மனநல மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

டாட் ஸ்கேனுக்கு முன்பும் எல்லா மருந்துகளையும் சொல்லியாக வேண்டும். புப்ரோப்பியான் போன்றவை படத்தையே மாற்றிவிடும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய ஆண்டுதோறும் எடுப்பது பணவிரயம். அதை நடையும் கையசைவும் மருந்துக்குக் கிடைக்கும் பலனுமே சொல்லிவிடும்.

பீரோவில் இருக்கும் படத்தை எடுத்துக்கொண்டு அப்புச்சி மறுபடி நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, வெற்று மாத்திரை அட்டைகளும், அவர் நடப்பதைப் பேரன் கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் உடன் செல்லட்டும்.