ஒப்படர்த்தி காண சமையலறைத் தராசே போதும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பாடம் கேட்க வரும் பிள்ளைகள், அடர்த்தி என்றால் நிறையைக் கனஅளவால் வகுப்பது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு கல்லைக் கையில் கொடுத்து இதன் கனஅளவு எவ்வளவு என்று கேட்டால் திகைத்துப் போவார்கள். கோணல்மாணலான கல்லுக்கு நீளம் எது, அகலம் எது? அங்கேதான் ஒப்படர்த்தி கைகொடுக்கிறது. ஒரு பொருள், அதே இடத்தை அடைக்கும் தண்ணீரைப்போல எத்தனை மடங்கு நிறை கொண்டது என்பதுதான் அது. அளவுகோலே வேண்டாம்.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, வாயகன்ற பாத்திரம், தையல் நூல், ஒரு கல், இவை போதும். கல்லுக்காக இங்குள்ள லால்பாக் பூங்காவின் பாறையைக் கொத்திவிடாதீர்கள். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சமையல் மேடைக்குப் பலகை அறுக்கும் கிரானைட் கடையில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உலர்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 530 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, பாத்திரத்தில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள்.

இனி கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. கையில் பிடித்தால் எண் குதிக்கும். தராசுக்கு இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு கரண்டியை வைத்து அதன் காம்பில் நூலைக் கட்டுங்கள். கல்லின் சொரசொரப்பில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருக்கும். நூலை மெல்ல ஆட்டி அவற்றை உதிர்த்துவிடுங்கள். குமிழியும் இடத்தை அடைப்பதால் எண் கூடிவிடும்.

தராசு இப்போது 200 காட்டுகிறது என்றால் அது கல்லின் எடை அல்ல. கல்லைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. கல்லும் அதே விசையோடு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. கல் விலக்கிய தண்ணீரின் நிறைதான் அந்த 200 கிராம். 530-ஐ 200-ஆல் வகுத்தால் 2.65. கிராமைக் கிராமால் வகுத்ததால் அலகு கிடையாது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், கல்லின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். தண்ணீர் 4 டிகிரியில்தான் சரியாக அந்த அளவு. 25 டிகிரியில் 0.997. வீட்டுக் கணக்குக்கு அது பொருட்டில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: உங்கள் தராசு எதையும் நூற்றுக்கு இரண்டு கூட்டியே காட்டுகிறது என்றாலும் விடை மாறாது. 540.6-ஐ 204-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 2.65 வரும்.

உலோகங்களின் ஒப்படர்த்தி இப்படி: அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.87, செம்புக்கு 8.96, வெள்ளிக்கு 10.5, தங்கத்துக்கு 19.3. பித்தளை, கலவையைப் பொறுத்து 8.4 முதல் 8.7 வரை. ஆனால் 168 கிராம் பித்தளை விளக்கு விலக்குவது ஏறத்தாழ 20 கிராம் தண்ணீர்தான். தராசு ஒரு கிராம் தவறினாலே விடை 8.0-க்கும் 8.8-க்கும் இடையே அலையும். கனத்த பொருளாக எடுங்கள். நான்கு கிராம் தங்க மோதிரம் விலக்குவது கால் கிராம்கூட இல்லை, அதை இதில் சோதிக்க முடியாது. நுட்பமான தராசு இருந்தாலும் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் ஒப்படர்த்தியும் 19.25 என்பதால் தங்கத்துக்கு இது மட்டும் சான்றாகாது.

திரவத்துக்கு வழி இன்னும் சுலபம். ஒரு குப்பியைக் காலியாக நிறுங்கள். கழுத்தில் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். ஈரம் போகத் துடைத்து, அதே கோடுவரை தேங்காய் எண்ணெய் ஊற்றி நிறுங்கள். இரண்டிலும் குப்பியின் நிறையைக் கழித்து, எண்ணெயைத் தண்ணீரால் வகுத்தால் 0.92-ஐ ஒட்டி வரும். பெங்களூரு மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்திருக்கும். உறையும்போது அது சுருங்குவதால் உறைந்த கட்டி உருகிய எண்ணெயில் மூழ்கும். பனிக்கட்டியோ தண்ணீரில் மிதக்கும். எண்ணெயை வெந்நீரில் வைத்து உருக்கி, சூடு தணிந்ததும் மறுபடி உறைவதற்குள் நிறுத்துவிடுங்கள்.