ஸ்டார்ட் ஆகாத கார்: பேட்டரி மாற்றாமலே சரியானது

சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும், இன்ஜின் சுற்றவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பேட்டரி போச்சு என்றார்கள். மல்டிமீட்டரில் 12.5 வோல்ட் காட்டியது, முழு சார்ஜில் 12.6 தான் வரும் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் பக்க ஈயக் குமிழிலும் இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் ஒயர் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டுக்கு மேல் போனது. கோளாறு அந்த இணைப்பில்தான்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இணைப்பில் படிந்திருக்கும் நீலப்பச்சைப் பொடியில் அமிலம் இருக்கும். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம்தான் பிளஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்ட அடுத்த நொடி ஷார்ட் ஆகும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொடி கரையும், நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கலாம். பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். கிளாம்பின் உள்வட்டத்தில் கறுப்பாக ஒரு படலம் இருக்கிறதே, மின்சாரத்தைத் தடுப்பது அதுதான், உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்தே ஆகவேண்டும்.

மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. இவ்வளவும் செய்த பிறகும் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சந்தேகப்படலாம்.